புகையய்யா அணைத்த மஞ்சள் விளக்கு

கடைகள் ஷட்டரைத் தூக்கும் முன்பே கார் வரிசை தையல் கடையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, பல் டாக்டர் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடும். ஒவ்வொரு காருக்குள்ளும் ஒரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்தின் மடியிலும் ஒரு டப்பா எஞ்சின் ஆயில். ஒவ்வொரு டேஷ்போர்டிலும் ஒரு மஞ்சள் விளக்கு.

எல்லாரும் எங்கே போகிறார்கள்? புகையய்யாவைப் பார்க்க.

புகையய்யா யாரென்று தெரியாதா? அப்படியானால் உங்களிடம் கார் இல்லை, அல்லது காது இல்லை. மூடிக் கிடந்த கார் கழுவும் கொட்டகையில் ஒருநாள் திடீரென்று முளைத்தவர் அவர். கார் தேய்க்கும் ராட்சத நீலப் பிரஷ்கள் இரண்டு பக்கமும் தொங்க, நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். சாம்பல் நிற அங்கி, சாம்பல் நிறத் தாடி, தோளில் கறுப்புப் போர்வை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் போர்வையை எடுக்க மாட்டார். எடுத்தால் சக்தி ஆவியாகிப் போய்விடுமாம். நெற்றி வேர்வை மட்டும் ஏன் ஆவியாகாமல் அப்படியே நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற ஆட்கள் அந்த வரிசையில் நிற்பார்களா என்ன?

காரோட்டாதவர்களுக்கு ஒரு விளக்கம். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்தால், "எஞ்சினில் ஏதோ சரியில்லை, போய்ப் பார்" என்று அர்த்தம். இவ்வளவு எளிய சேதி என்பதாலோ என்னவோ, எங்கள் பேட்டையில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. பாங்க் மேனேஜர் அந்த விளக்கின் மேல் சிரிக்கிற முகம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனார். சலூன்காரர் இன்னும் ஒருபடி மேலே. டேஷ்போர்டைக் கழற்றி பல்பையே பிடுங்கிவிட்டு, "கோளாறை வேரோட எடுத்தாச்சு" என்று முடிவெட்ட வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் மறுத்துப் பேசுவது?

இப்படிப்பட்ட ஊருக்கு ஒரு புகையய்யா வராமல் இருந்தால்தான் அதிசயம்.

அவர் வைத்தியத்தை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். வண்டி கொட்டகைக்குள் நுழையும். ஐயா ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்வார். போர்வையை விரித்து, ஸ்டீயரிங்கிலிருந்து முழங்கால் வரை மூடிக்கொள்வார். வலது கை ஸ்டீயரிங்கின் மேல் இருக்கும். இடது கை போர்வைக்கு அடியில் போய்விடும்.

"எஞ்சினோட நாடியைப் பிடிக்கிறார்" என்பார் பக்கத்தில் நிற்கும் அவருடைய மச்சான். மச்சான் வேறு யாருமில்லை, கொட்டகைக்குப் பின்வாசலில் ஆயில் கடை வைத்திருப்பவர்தான்.

ஐயா கண்களை மூடுவார். "புகையே போ, பகையே போ, வந்த வழியே வெளியே போ" என்று அடித்தொண்டையில் உருட்டுவார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். திடீரென்று ஐயாவின் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும்.

மஞ்சள் விளக்கு அணைந்துவிடும்.

சும்மா சொல்லக் கூடாது, உண்மையிலேயே அணைந்துவிடும். நானே எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பதில் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்த நொடியில் கூட்டத்துக்குத் தலைகால் புரியாது. அழுகிறவர்கள் அழுவார்கள், ஹாரன் அடிக்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். மடியிலிருந்த ஆயில் டப்பா ஐயாவின் காலடிக்குப் போகும். காணிக்கை ஆயில்தான், காசைக் கையால் தொட மாட்டார். எவ்வளவு பெரிய மனசு. அந்த டப்பாக்கள் பின்வாசல் வழியாக மச்சான் கடைக்குப் போய், முன்வாசல் வழியாக அடுத்த பக்தரின் மடிக்கு வந்துகொண்டிருந்தன. மூடியோரம் நசுங்கிய டப்பா ஒன்று அந்தப் பாதையில் சுற்றிச் சுற்றி வந்ததை நான் பார்த்தேன். பாவம், அதற்குத்தான் உண்மையில் புண்ணியம் சேர்ந்திருக்கும்.

போகும்போது ஐயா அறிவுரை சொல்வார். "கொஞ்ச நாளைக்கு ஹைவே பக்கமே போகாதீங்க. அங்கே அலையிற கெட்ட புகை எல்லாம் வந்து ஏறிக்கும். தெருவுக்குள்ளேயே மெதுவா ஓட்டுங்க. முக்கியமா, சந்தேகப்படுற ஆளுங்களை வண்டியில ஏத்தாதீங்க. ஏத்தினா விளக்கு திரும்பி வந்துடும்."

சில நாளில் விளக்கு திரும்பி வரும். உடனே அந்த வீட்டில் விசாரணை தொடங்கும். யார் சந்தேகப்பட்டது? மாமியார் மருமகளைப் பார்ப்பார். மருமகள் மாப்பிள்ளையைப் பார்ப்பாள். கடைசியில் யாராவது ஒருவர் ஒப்புக்கொள்வார்: "லேசா நெனைச்சேன் அத்தை, மன்னிச்சிடுங்க." மறுபடி ஆயில் டப்பா, மறுபடி வரிசை. வைத்தியம் பலிக்காவிட்டால் நோயாளி வீட்டில்தான் குற்றம். இப்படி ஒரு தொழில் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று எனக்கே சற்று வருத்தம்தான்.

பல் டாக்டரின் கதைதான் எல்லாரையும் கவிழ்த்தது. படித்தவர், கண்ணாடி போட்டவர், பல் பிடுங்கும்போதுகூட இங்கிதமாக மன்னிப்புக் கேட்பவர். அவர் காரில் எரிந்த விளக்கை ஐயா அணைத்தார். அது திரும்பி வரவே இல்லை. "நானே அனுபவப்பட்டவன்" என்று அவர், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடக்கும் நோயாளிகளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அதே வாரம் பெட்ரோல் போட்ட இடத்தில், "டேங்க் மூடியைச் சரியா மூடாம ஓட்டியிருக்கீங்களே சார்" என்று ஒருவர் அதை இறுக்கி மூடிவிட்டதை டாக்டர் வீட்டம்மா என்னிடம் வேறு ஏதோ பேச்சின் நடுவே சொன்னார். மூடி தளர்ந்து பெட்ரோல் ஆவி கசிந்தாலும் அந்த விளக்கு எரியும். இதைச் சொன்னால் டாக்டர் நம்புவாரா? மூடியை இறுக்கியதே ஐயாவின் அருள்தான் என்பார்.

இனி வேன் அக்காவிடம் வருவோம். விஷயமே அவருடையதுதான்.

வேன் அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவர். மஞ்சள் வேன், அகலமான பின்கதவு, இருக்கையெல்லாம் பிஸ்கட் தூள். விடுமுறை தொடங்கும் முன் பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: திறக்கும் நாளில் புதிய புகைச் சான்றிதழ் ஒட்டாத வண்டி கேட்டுக்குள் வர முடியாது. கேட்டுக்கு வெளியே பளபள வேன்காரர் ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். அக்கா ஒருநாள் வரவில்லை என்றால் போதும், அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவர் வண்டியில் ஏறிவிடுவார்கள். அக்காவின் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேன் ஓடுவதால்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் வேனில் மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது.

முதலில் அக்கா மெக்கானிக்கிடம்தான் போனார். எங்கள் மெக்கானிக் வேலையில் கெட்டிக்காரர், ஆனால் பேச்சு முழுவதும் தொண்டைக்குள்ளேயே நடக்கும். அவர் முணுமுணுத்ததில் அக்காவுக்கு "பின்னாடி", "குழாய்", "படுத்துப் பார்க்கணும்" என்கிற வார்த்தைகள் மட்டும்தான் கிடைத்தன. "இவன் படுத்துப் பார்த்தான்னா நான் எழுந்திருக்கவே முடியாது" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டியைத் திருப்பினார். நேராகப் புகையய்யா. போர்வை, நாடி, குலுங்கல். விளக்கு அணைந்தது.

மறுநாளே அக்கா புகைப் பரிசோதனை நிலையத்துக்குக் கிளம்பினார். துணைக்கு அவருடைய நாத்தனாரும் போனார்.

நாத்தனாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூட டீச்சர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, கண்கொத்தி டீச்சர் என்றால் எல்லாருக்கும் தெரியும். பரீட்சை அறையில் அவர் கண்ணுக்குத் தப்பிக் காப்பியடித்தவர் இந்தப் பேட்டையில் இல்லை. பேட்டையில் பாதிப் பேர் அவரிடம் மாட்டியவர்கள்தான். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: கதவு எங்கே இருக்கிறது, ஜன்னல் எப்படி இறங்கும்.

பரிசோதனை நிலையத்தில் இருந்த பெண் அதிகாரிக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே ஒரு வயரை வேனுக்குள் செருகி, தன் திரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"சான்றிதழ் தர முடியாதும்மா."

"ஏன்? விளக்குதான் எரியலையே" என்றார் அக்கா.

"விளக்கு எரியலை. ஆனா உங்க வண்டி என்கிட்ட ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. நேத்து வரைக்கும் என்ன நடந்துச்சுன்னே அதுக்குத் தெரியலை."

"அது எதுக்கு உங்ககிட்ட பேசணும்?"

அதிகாரி தும்மினார். பிறகு, இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை என்கிற ஏக்கம் தீர்ந்தவர்போல், வேனின் பின்பக்கத்தைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

"எஞ்சின்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. புகை போற குழாயில அதுக்கு ரெண்டு மூக்கு. சென்சார்னு சொல்றாங்களே, அதுதான். முன்னாடி மூக்கு, புகையில எவ்வளவு காத்து மிச்சம் இருக்குன்னு மோந்து பார்த்துச் சொல்லும். பெட்ரோல் கூடிடுச்சா, குறைச்சுக்கும். குறைஞ்சிடுச்சா, கூட்டிக்கும். வண்டி ஓடுற நேரம் பூரா இதே வேலை. குழாய் நடுவில ஒரு டப்பா, நச்சுப் புகையைச் சுத்தம் பண்றதுக்கு. அந்த டப்பா ஒழுங்கா வேலை செய்யுதான்னு வேவு பார்க்கத்தான் பின்னாடி மூக்கு. ரெண்டு மூக்கும் ஒரே மாதிரி சொல்லுச்சுன்னா டப்பா தூங்குதுன்னு அர்த்தம். ஒரு மூக்கு பேச்சையே நிறுத்திட்டா அதுவும் கோளாறுதான். உடனே மஞ்சள் விளக்கைப் போட்டுடும். எனக்கு இருக்கிற மூக்கை விட அது நல்ல மூக்கு."

"சரி, அதுதான் இப்ப எரியலையே" என்றார் அக்கா மறுபடியும். அவருக்கு வேண்டியது சான்றிதழ், மூக்கு இல்லை.

"கேளுங்க. கம்ப்யூட்டர் தனக்குத் தானே பரீட்சை வெச்சுக்கும். ஒரு பரீட்சை, வண்டி ஆறிக் கிடந்து கிளம்பும்போது. இன்னொண்ணு, ஹைவேயில நிதானமா நீளமா ஓடும்போது. எல்லாத்தையும் எழுதி முடிச்சாத்தான் நான் திருத்த முடியும். உங்க வண்டி ஒண்ணுகூட எழுதலை. வெறும் வெள்ளைத்தாள்."

அதுவரை ஜன்னலை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த கண்கொத்தி டீச்சர் நிமிர்ந்தார். பரீட்சை என்ற சொல் காதில் விழுந்தால் அவருக்குத் தூக்கத்திலும் விழிப்பு வரும்.

"எழுதலையா? எழுதினதை யாராவது கிழிச்சுட்டாங்களா?"

அதிகாரி அவரை மரியாதையாகப் பார்த்தார். "கிழிச்சிருக்காங்க. நினைவை அழிச்சா விளக்கும் அணையும், தாளும் போயிடும்."

"அழிக்கணும்னா எந்த வழியா உள்ளே வரணும்?"

அதிகாரி குனிந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சாக்கெட்டைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "இது வழியாத்தான் நான் படிக்கிறேன். அழிக்கிறதும் இது வழியாத்தான். சின்னப் பெட்டிதான், கடையிலேயே விக்கிறாங்க. ஹைவேயில நல்லா ஓட்டிட்டு வாங்கம்மா. கோளாறு அப்படியே இருந்தா விளக்கு தானா எரியும்."

திரும்பி வரும்போது வேனுக்குள் நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அக்கா வண்டி ஓட்டும்போது பேசினால் தெருவுக்கே கேட்கும். மிச்சத்தை டீச்சர் சொன்னார்.

"அண்ணி, அந்த ஆளோட இடது கை எங்கே இருந்துச்சு?"

"போர்வைக்கு அடியில, முழங்கால் பக்கம். நாடி பிடிச்சிட்டு இருந்துச்சு."

"எஞ்சின் முன்னாடி இருக்கு. முழங்கால் பக்கத்தில எந்த நாடி?"

"ஞானிங்க எங்கே தொட்டாலும் நாடிதான்."

"என் பரீட்சை ஹால்லயும் மேசைக்கு அடியில நாடி பிடிக்கிறவங்க நிறைய இருக்காங்க அண்ணி."

"இதோ பாரு, அவர் ஹைவேக்குப் போகாதேன்னார். இந்தம்மா போங்கன்னு சொல்றாங்க. அவர் சந்தேகப்படுறவளை ஏத்தாதேன்னார். நான் உன்னை ஏத்திட்டேன். விளங்குமா?"

"ஹைவேயில ஓட்டினாத்தானே வண்டி பரீட்சை எழுதும்? எழுதக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார்னா அவருக்கு ரிசல்ட் தெரியும்னு அர்த்தம்."

அக்கா கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போனதும் குரல் இறங்கியது. "உனக்கென்ன, ஸ்கூல் திறந்தா வேலைக்குப் போயிடுவே. எனக்கு ஸ்கூல் திறந்தா கேட் மூடிடும்."

"அதனாலதான் கேட்கிறேன்" என்றார் டீச்சர்.

அடுத்த நாள் காலையில் வேனைக் கிளப்பி, சந்து முனை திரும்புவதற்குள் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அக்கா நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தார். "உன்னாலதான்."

"சரி, என்னாலதான். இன்னும் ஒரு தடவை அவர்கிட்டயே போகலாம், நானும் வர்றேன். அவர் அணைச்சுட்டார்னா இனிமே உங்க வண்டியில நான் வாயே திறக்கலை."

"திறந்தா?"

"நடந்து போறேன். அணைக்கலைன்னா மெக்கானிக்கை வண்டிக்கு அடியில விடணும்."

"அணைக்காம எங்கே போவுது" என்று அக்கா ஆயில் டப்பா வாங்க மச்சான் கடைக்குள் போனார். மூடியோரம் நசுங்கிய டப்பாதான் கிடைத்தது.

அவர் திரும்பி வருவதற்குள் டீச்சர் வேனின் பின் இருக்கையைத் துழாவினார். குட்டிப் பிள்ளைகள் பொம்மை செய்துவிட்டு இருக்கை இடுக்கில் அடைத்து வைத்திருந்த பச்சைக் களிமண் உருண்டை கையில் அகப்பட்டது. ஒரு பிஸ்கட் உறையைக் கிழித்து, களிமண் உள்ளே போய்விடாதபடி அந்தச் சாக்கெட்டின் வாயை அதனால் மூடினார். அதன் மேல் களிமண்ணை அப்பி, கட்டைவிரலால் அழுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் ஜன்னலை ஏற்றி இறக்க ஆரம்பித்தார்.

கொட்டகையில் அன்று கூட்டம் பிதுங்கியது. பல் டாக்டர் முன்வரிசையில் நின்று புதிதாக வந்தவர்களுக்குத் தன் அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாங்க் மேனேஜரும் சலூன்காரரும் வந்திருந்தார்கள். வேன் உள்ளே நுழைந்தது. ஐயா ஏறி அமர்ந்தார். போர்வை விரிந்தது. இடது கை அடியில் போயிற்று.

"புகையே போ, பகையே போ."

ஐயாவின் புருவம் சற்று நெளிந்தது. நாடி கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"வந்த வழியே வெளியே போ."

போர்வைக்குள் ஏதோ குத்துவதும் இழுப்பதுமாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பூனைக்குட்டியை உள்ளே வைத்துக் குளிப்பாட்டுவதுபோல் இருந்தது. விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது. ஐயா மந்திரத்தைத் திரும்பச் சொன்னார். வேகமாகச் சொன்னார். பிறகு "வெளியே போ"வை மட்டும் தனியாகச் சொன்னார். அது வேண்டுதல்போல் இருந்தது.

"ஹைவே புகை ஏறியிருக்கு. பிடிவாதம் பிடிக்குது" என்று மச்சான் கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார்.

ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டியது. இடது கையை வெளியே எடுத்து நெற்றியைத் துடைத்தார். யோசனையாகத் தாடியை நீவினார். மறுபடி உள்ளே விட்டார். மறுபடி நீவினார். நெற்றியில் பச்சை, மூக்கில் பச்சை, தாடி நெடுகப் பச்சைப் பச்சையாக உருண்டைகள்.

முதலில் பார்த்தது பல் டாக்டர். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "பாருங்க, ஐயாவுக்குப் பச்சை அருள் இறங்குது."

கூட்டம் சிலிர்த்தது. முன்னால் நின்ற ஒருவர் கைகூப்பினார். பின்னால் நின்றவர்கள் அருள் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று தெரியாமல் ஒருவர் தோளில் ஒருவர் ஏறினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அந்தத் தாடிக்கு ஏலம் நடந்திருக்கும்.

டீச்சர் வேனின் கதவைத் திறந்தார். பரீட்சை அறைக் குரல் வெளியே வந்தது.

"ரெண்டு கையும் மேசை மேல."

இதுதான் அதிசயம். கொட்டகையில் இருந்த பாதிப் பேரின் கைகள் தாமாக எழுந்து, பக்கத்திலிருந்த கார்களின் பானெட்டில் போய் உட்கார்ந்தன. அத்தனை பேரும் பழைய மாணவர்கள். சலூன்காரர் சீப்பைக்கூடக் கீழே போட்டார். புகையய்யா எந்தப் பள்ளியில் படித்தாரோ தெரியாது, அவர் கைகளும் விருட்டென்று ஸ்டீயரிங்கின் மேல் வந்தன. இடது கையில், குட்டை வயரோடு, சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முனையில் பச்சைக் களிமண் கொழுக்கட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது அருள் இல்லை டாக்டர். குட்டிப் பசங்க களிமண். ஒரு வால் போட்டிருந்தாங்க, யானை பண்ணியிருப்பாங்கன்னு நினைக்கிறேன்" என்றார் டீச்சர்.

ஐயா பேந்தப் பேந்த விழித்தார். "இது தெய்வீகக் கருவி. என் கையில மட்டும்தான் பேசும்."

"அப்படியா? டாக்டர், நீங்க வாங்க. உங்களுக்குத் தெய்வீகம் கிடையாது, பல்லு மட்டும்தான்." டீச்சர் பிஸ்கட் உறையை உரித்து எடுத்தார். களிமண் அதோடு வந்தது. பெட்டியின் முனையைத் தன் கைக்குட்டையால் துடைத்து டாக்டரிடம் கொடுத்தார். "இங்கே செருகுங்க. மந்திரம் ஒண்ணும் வேண்டாம்."

டாக்டர் ஈறில் ஊசி போடுகிற கவனத்தோடு செருகினார். பெட்டியின் சின்னத் திரையில் எழுத்துகள் வந்தன. "அழிக்கட்டுமான்னு கேட்குது" என்றார்.

"அழிங்க."

டாக்டர் பொத்தானை அழுத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

கூட்டம் டேஷ்போர்டைப் பார்த்தது, டாக்டரைப் பார்த்தது. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: "டாக்டருக்கும் சக்தி வந்துடுச்சு."

ஒரு நொடி டாக்டரே தன் கையைச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நல்லவேளையாகப் பாங்க் மேனேஜர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தன் காருக்கு ஓடினார். சிரித்த முகத்தை உரித்தார், செருகினார், அழுத்தினார். அங்கேயும் அணைந்தது. அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர். சலூன்காரரும் செய்து பார்த்தார், ஆனால் அணைந்ததா என்று பார்க்க அவரிடம் பல்பு இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தக் கொட்டகை முழுக்கச் சித்தர்கள்.

எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஏமாந்தவர்கள் சிரித்தால் ஏமாந்தது குறைந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். வேன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் அந்தச் சின்னத் திரையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அழிக்கிறதுக்கு முன்னாடி ஏதோ எழுத்து வந்துச்சே. அது என்ன?"

ஐயா தாடியிலிருந்து யானையின் காதை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன கோளாறுன்னு காட்டும், இல்லையா? முதல் தடவை என் வண்டியில காட்டினதைப் பார்த்தீங்க, இல்லையா?"

"அது... பார்த்தேன்."

"மெக்கானிக்கும் பின்னாடி, குழாய்னு ஏதோ முணுமுணுத்தானே. பின்னாடி மூக்குன்னு காட்டுச்சா?"

ஐயா தலையை மட்டும் ஆட்டினார்.

"படிச்சுப் பார்த்துட்டு, என்கிட்ட சொல்லாம கிழிச்சிருக்கீங்க. சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேன். என் பிள்ளைங்களை இன்னொருத்தன் ஏத்திட்டுப் போயிருந்தா நீங்க எனக்கு என்ன குடுத்திருப்பீங்க? ஆயிலா?"

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கூட்டத்தின் சிரிப்பு நின்று, அதன் முகம் மாறத் தொடங்கியதைப் பார்த்து மச்சான் மெல்லப் பின்வாங்கினார். ஷட்டரை இறக்கிவிடலாம் என்று சுவரிலிருந்த பொத்தானை ஓங்கி அடித்தார். பதற்றத்தில் பொத்தான் மாறிவிட்டது.

நீலப் பிரஷ்கள் சுழன்றன.

புகையய்யா அப்போதுதான் வேனிலிருந்து இறங்கி, பின்வாசல் பக்கமாக நழுவிக்கொண்டிருந்தார். இடது பிரஷ் அவரை அணைத்து வலது பிரஷ்ஷிடம் கொடுத்தது. வலது பிரஷ் அவரைத் திருப்பி இடது பிரஷ்ஷிடம் கொடுத்தது. பழைய கொட்டகை, தண்ணீர் வரவில்லை, சுத்தமான உலர் சலவை. போர்வை ஒரு பக்கம் போயிற்று, அங்கி இன்னொரு பக்கம் சுற்றிக்கொண்டது. கழுவிய கார் வெளியே வருவதுபோல் ஐயா மறுமுனையில் வெளியே வந்தார். தாடி பஞ்சுபோல் பொங்கியிருந்தது. வந்தவர் நிற்கவில்லை. மச்சான் கடையைத் திறந்து போட்டபடியே பின்னால் ஓடினார். அதற்குப் பிறகு இருவரையும் இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

பந்தயத்தில் சொன்னபடி அக்கா வேனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். இந்தத் தடவை டீச்சர் பக்கத்தில் நின்று, "சத்தமா, கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி" என்று சொன்னதால் மெக்கானிக் பேசியது எல்லாருக்கும் கேட்டது. பின் சென்சாரின் வயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்து, வயர் சூடான குழாயின் மேல் சாய்ந்து உருகியிருந்தது. அவ்வளவுதான். அவர் படுத்தார், வயரை மாற்றினார், எழுந்தார். அக்காவும் எழுந்தே நின்றார்.

ஆனால் தாள் மறுபடி வெள்ளை. பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. அக்காவும் டீச்சரும் ஹைவேயில் வேனை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருமுறை, சாயங்காலம் நிதானமாக ஒருமுறை. டீச்சர் பந்தயத்தில் ஜெயித்தவர் ஆயிற்றே, வழி நெடுக வாயை மூடவில்லை. "இந்த வேன் பரீட்சை எழுதுறப்ப பக்கத்தில பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று அக்கா கேட்டும் பயனில்லை.

கெடு முடிவதற்குள் பரிசோதனை நிலையத்துக்குப் போனார்கள். ஜலதோஷ அதிகாரி வயரைச் செருகினார். திரையைப் பார்த்தார். அக்கா ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு அந்தத் திரையை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் எழுதியிருக்கு" என்றார் அதிகாரி. "எல்லாத்திலேயும் பாஸ்."

சான்றிதழ் கண்ணாடியில் ஏறியது. பள்ளி திறந்த காலையில் வேன் அக்கா கேட்டைத் தாண்டி உள்ளே போனபோது பளபள வேன்காரர் தன் வேனின் கண்ணாடியைத் துடைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

இத்தோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தீர்களா? அடுத்த வாரம் டீச்சர் வீட்டு வாசலில் ஒரு சின்ன வரிசை. முதல் ஆள் பல் டாக்டர்.

"டீச்சர், அந்தப் பச்சைக் களிமண் கொஞ்சம் குடுங்களேன். ரொம்ப ராசியாமே. வண்டியில வெச்சுக்கிட்டா கோளாறே வராதாம்."

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் களிமண் செங்கல்லாகியிருக்கும்.

எனக்கு இதுதான் விளங்கவில்லை. எஞ்சினோடு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை, முன்மூக்கையும் பின்மூக்கையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள், வழியில் ஒரே ஒருமுறை, "இது எப்படி?" என்று கேட்டால் எந்த வயர் உருகிவிடும்?